பினாங்கில் பிறந்த அம்மாவும் தேவகோட்டை ஆச்சியும்: டிஎன்ஏ வழியே தாத்தாவைக் கண்டுபிடித்த அனுபவம்

அம்மா 1951-இல் பினாங்கில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பாட்டி அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அம்மா சிறுமியாக இருக்கும்போதே ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, திருப்பத்தூரில் தன் அண்ணன் வீட்டில் அடைக்கலமானார். "செட்டி வீட்டு ஆளு. கொண்டுவிக்க வந்தவரு. நல்ல மனுசன்." கடைசிவரை பாட்டி வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான். கொண்டுவிக்க என்றால் கடல்கடந்து தொழில் செய்ய. ஊரையும் பேரையும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியும் எங்களுக்குக் கூப்பிடு தூரம். வழியில் பெரிய வீடுகளைப் பார்த்தால் அம்மா ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிடுவார். எழுபது வயதுக்குப் பிறகு ஒருநாள் அவரே கேட்டார்: "ஏதோ ரத்தப் பரிசோதனையிலே கண்டுபிடிக்கிறாகளாமே, நமக்குப் பண்ண முடியாதா?"

முதலில் மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் விசாரித்தேன். தந்தை என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அவர்களால் ஒப்பிட முடியும். நீதிமன்ற வழக்குகளுக்கு நடக்கும் சோதனை அது. எங்களுக்குத் தேவையானது வேறு. ஏற்கெனவே சோதித்துக்கொண்ட லட்சக்கணக்கானவர்களோடு அம்மாவின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, யார் யாரெல்லாம் சொந்தம் என்று காட்டுகிற வம்சாவளிச் சோதனை. அன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. அதிகம் பேர் சேர்ந்திருப்பது அன்செஸ்ட்ரியில். அமெரிக்காவில் இருக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது அதன் பெட்டியைக் கொண்டுவந்தான்.

குழாயில் கோடு வரை எச்சில் துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. அதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. வெற்றிலை போடாமல் அரை மணி நேரம் உட்காருவதே அம்மாவுக்குப் பெரும்பாடு. வாய் வேறு வறண்டுபோயிற்று. கன்னத்தை வெளிப்பக்கமாகத் தேய்த்துவிட்டு, நார்த்தங்காய் ஊறுகாயைக் கண்ணுக்கு முன்னால் மட்டும் காட்டி, ஒருவழியாகக் கோட்டைத் தொட்டோம். வயதானவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கிற வகைச் சோதனை சுலபம். அதுவும் கிடைக்கிறது.

முடிவில் முதலில் கண்ணில் படுவது, எந்தப் பகுதி மக்களின் ரத்தம் எத்தனை சதவீதம் என்கிற வண்ணப்படம். அம்மாவுக்குத் தென்னிந்தியா என்று வந்தது. தேடலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உயிர்நாடி அதற்கடுத்த பக்கம். அதுதான் பொருத்தப் பட்டியல். ஒவ்வொருவரோடும் எவ்வளவு டிஎன்ஏ பொது என்று சென்டிமார்கன் என்ற அலகில் போட்டிருப்பார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் நடுவே சுமார் 3,400 இருக்கும். தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகளுக்குச் சராசரி 1,759, அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் 866, அதற்கடுத்த தலைமுறைப் பங்காளிகளுக்குள் 229. டிஎன்ஏ பெயின்டர் தளத்தில் எண்ணைப் போட்டால் என்னென்ன உறவாக இருக்கலாம் என்று அதுவே வரிசைப்படுத்திக் கொடுக்கும்.

நம் ஊர்க்காரர்கள் இந்தப் பட்டியல்களில் மிகக் குறைவு. இருப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் இளையவர்கள். ஆனாலும் எங்களுக்கு ஒரு சாதகம் இருந்தது. பாட்டி நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இல்லை. ஆகவே பட்டியலில் எந்தச் செட்டிநாட்டுப் பெயர் வந்தாலும் அது தாத்தா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இரு பக்கமும் நகரத்தாராக இருக்கிற ஒருவர் இதே வேலையில் இறங்கினால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். குலப்பிரிவுகளான ஒன்பது கோயில்களுக்குள், அதிலும் அத்தை மகள், அம்மான் மகன் என்றே பல தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்தவர்கள். ஒரே மூதாதை பல வழிகளில் வந்து நிற்பார். சின்னச் சின்னத் துண்டுகள் கூடிக் கூடி மொத்த எண் ஊதிவிடும், தூரத்து உறவுகூடப் பக்கத்து உறவுபோலத் தெரியும். அதனால் மொத்த எண்ணோடு, பொதுவாக இருக்கும் துண்டுகளில் மிக நீளமானது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். நீளமான துண்டு என்றால் உறவு கிட்டத்தில் இருக்கிறது. எல்லாமே பொடித்துண்டாக இருந்தால் சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டதன் விளைவு.

பட்டியலின் தலையில் டெக்சஸில் இருக்கும் ஒரு தம்பி, 410 சென்டிமார்கன், நல்ல நீளமான துண்டுகளோடு. அடுத்து சிங்கப்பூரில் ஒரு பெண், 210. அவர்கள் இருவருக்குள்ளும் பொருத்தம் இருந்தது. ஆக மூவருக்கும் மூதாதை ஒருவராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் செய்தியை எழுதுவதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். 'உங்கள் பாட்டனாருக்குப் பினாங்கில் ஒரு பிள்ளை' என்று எடுத்த எடுப்பில் எழுதினால் யாராக இருந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். இப்படி எழுதினேன்: "தம்பி, என் அம்மாவுக்குத் தகப்பனார் வழிச் சொந்தம் யாரென்று தெரியாது. உங்களோடு பொருத்தம் வந்திருக்கிறது. உங்கள் முன்னோரில் மலேயா போனவர்கள் உண்டா? சொல்ல விருப்பமில்லை என்றால் பரவாயில்லை. எங்களுக்குச் சொத்து, பணம் எதிலும் நாட்டமில்லை." கடைசி வரியை யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டில் ஒரு வளவு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள் பாத்தியப்பட்டிருப்பார்கள். புதிதாக ஒருவர் வந்து நின்றால் அவர்களுக்கு முதலில் வரும் பயம் அதுதான், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தம்பி தங்கமானவர். தன் வம்சாவளியை அப்படியே அனுப்பிவைத்தார். தேவகோட்டை. அவருடைய ஆயா (அம்மாவின் அம்மா) வழியில் ஒரு கிளை, அதில் ஆயாவின் அப்பச்சி (அப்பா) ரங்கூன் கடையைப் பார்த்தவர் என்று குறிப்பு. மலேயா என்ற பேச்சே இல்லை. சிங்கப்பூர்ப் பெண்ணின் குடும்பம் கண்டனூர். அவர்கள் வீட்டில் மூத்த பாட்டையாவின் (கொள்ளுத்தாத்தாவின்) தம்பி ஒருவர் யுத்தத்துக்குப் பிறகு மலேயாவில் ஈப்போவில் இருந்தாராம். 'அவராகத்தான் இருக்கும்' என்றார் அந்தப் பெண். ஆனால் கண்டனூர் மரத்துக்கும் தேவகோட்டை மரத்துக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை. மரம் ஒன்று சொல்கிறது, ரத்தம் ஒன்று சொல்கிறது.

முடிச்சை அவிழ்த்தவர் அந்தப் பெண்ணின் அப்பத்தா (அப்பாவின் அம்மா). தொண்ணூறு வயதுக்காரர். பேத்தி தொலைபேசியில் கேட்ட மாத்திரத்தில் சொன்னாராம்: "எங்க மாமனாரோட கடைசித் தம்பியைத்தான் தேவகோட்டைக்குப் பிள்ளை கூட்டிட்டுப் போயிட்டாகளே. இது தெரியாதா உங்களுக்கு?"

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவது, அதாவது தத்து எடுப்பது, நகரத்தார் குடும்பங்களில் வெகு சாதாரணம். கூட்டிய நாளிலிருந்து அவர் அந்த வீட்டுப் பிள்ளை. பெற்ற வீட்டு மரத்திலிருந்து பெயர் போய்விடும். கண்டனூர் வீடும் தேவகோட்டை வீடும் இலுப்பைக்குடிக் கோயில் பங்காளிகள் என்பதால் கோயிலும் மாறவில்லை, வெளியாளுக்குத் துளிகூடத் தெரியாது. டிஎன்ஏவோ அவர் பிறந்த வீட்டைத்தான் காட்டும். செட்டிநாட்டில் யாராவது இந்தத் தேடலில் இறங்கினால், மரத்தில் ஒவ்வொரு ஆணுக்கும் நேரே 'பிறந்த பிள்ளையா, கூட்டிய பிள்ளையா' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூத்த பெண்களிடம். எந்த ஏட்டிலும் இல்லாதது அவர்கள் நெஞ்சில் இருக்கிறது, அவர்கள் வயதோ ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது இரண்டு பேர் மிஞ்சினார்கள்: ஈப்போ போனவர், தேவகோட்டைக்குப் போன கடைசித் தம்பி. ஈப்போக்காரர்தான் தாத்தா என்றால் டெக்சஸ் தம்பியின் ஆயா, அம்மாவுக்குப் பெரியப்பா சித்தப்பா மகள் முறை. கடைசித் தம்பி என்றால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த அக்கா. தம்பியின் 410 இரண்டாவது பக்கம்தான் சாய்ந்தது, ஆனால் ஊதிப்போன எண்ணாக இருந்துவிட்டால்? தம்பியின் ஆயாவான அந்த ஆச்சியே சோதனை செய்துகொண்டால்தான் தீரும்.

அவரைக் கேட்பதைப் பேரனிடமே விட்டுவிட்டேன். பேரன் தேவகோட்டை வந்து, பக்குவமாகச் சொல்லி முடித்ததும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு சுகமா இருக்கா?" பிறகு அவரே தொடர்ந்தாராம். "எங்க அப்பச்சி ரங்கூன் கடை கைவிட்டுப் போனபிறகு பினாங்குல வேறொரு மார்க்காவுக்கு (தொழில் நிறுவனத்துக்கு) மேலாளா இருந்தாக. நான் சின்னப்புள்ள. மாசம் தவறாம வர்ற கடுதாசி ஒரு வருசம் வரலே. எங்க ஆத்தா வளவுத் தூணைப் பிடிச்சுக்கிட்டே நிப்பாக. ஆத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும்." பெட்டகத்திலிருந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாராம். ஓரமெல்லாம் செல் அரித்திருந்தாலும் பினாங்கு முத்திரை படிக்கும்படி இருந்தது: 1949.

ஆச்சியின் மகன் மட்டும் ஒப்பவில்லை. "எல்லாரும் சொந்தத்துக்குள்ளயே கட்டினவங்க. எண்ணிக்கை கூடத்தான் வரும். இதை வச்சு எங்க அய்யா மேல பழி போடலாமா?" என்றார். நியாயமான கேள்வி. ஆச்சியின் முடிவு 1,790 என்று வந்தது. ஒரே தகப்பன் பிள்ளைகளுக்கு இது 1,160-இலிருந்து 2,436 வரை வரலாம், பெரியப்பா சித்தப்பா மக்களுக்குள் 396-இலிருந்து 1,397 வரை. எனக்கு அதுவே போதும். அவருக்குப் போதவில்லை.

அவரையும் பேசாமல் ஆக்கியது எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் தம் மகள்கள் ஒவ்வொருவருக்கும் கலைக்காமல் முழுசாகக் கொடுக்கிறார். ஆகவே ஒரே தகப்பனின் இரண்டு மகள்களுக்கு எக்ஸ் ஒன்று முனையிலிருந்து முனை வரை ஒன்றாகவே இருக்கும். அண்ணன் தம்பி பிள்ளைகளிடம் இது துண்டு துண்டாகத்தான் அமையும். அன்செஸ்ட்ரி இந்த ஒப்பீட்டைக் காட்டுவதில்லை. இரண்டு பேரின் மூலத் தரவையும் இறக்கி ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றிப் பார்த்தோம். ஒரு முறிவுகூட இல்லை. (அங்கே ஏற்றும்போது, காவல்துறைத் தேடலுக்கு உங்கள் தரவைத் திறந்துவிடுவதா என்று கேட்கும். வேண்டாம் என்று குறித்தோம். 2023-இல் 23அண்ட்மீ என்ற இன்னொரு டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. ஆச்சியின் தரவுக்கு நாங்கள் பொறுப்பு என்பதால் ஒப்பிட்டு முடித்ததும் அதை அங்கிருந்து நீக்கிவிட்டோம்.)

அம்மாவைத் தேவகோட்டைக்கு அழைத்துப் போனேன். முகப்பில் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து, அம்மாவின் கையைப் பிடித்து நேரே இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப் போனார். பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும் அம்மாவுக்கு. ஆச்சிக்கும் அப்படியே. "அப்பச்சி விரல்," என்றார். அம்மா அழுத அழுகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆச்சியின் உடன்பிறந்த தம்பி இன்னும் எங்களோடு பேசவில்லை. அவர் சம்மதிக்கும்வரை மரத்தில் தாத்தாவின் பெயரை யார் கண்ணுக்கும் படாமல் மறைத்து வைக்கும்படி ஆச்சி கேட்டுக்கொண்டார். அப்படியே வைத்திருக்கிறோம். அம்மாவை இலுப்பைக்குடிக் கோயிலுக்குத் தானே அழைத்துப்போவதாக ஆச்சி சொல்லியிருக்கிறார். அவருடைய முழங்கால் வலி கொஞ்சம் குறையட்டும் என்று இருக்கிறோம்.