மவுன்ட்டுக்கு அடியில் கிடந்த ரசீதுகள்

யூபிஎஸ் பராமரிப்புக்காக ஞாயிறு இரவு எல்லா சர்வர்களையும் நிறுத்தி, விடிவதற்குள் மறுபடி ஏற்றியிருந்தோம். திங்கள் காலை கிளை அலுவலகத்திலிருந்து போன்: "சார், புது ரசீது போட முடியுது. ஆனா பழசு ஒண்ணைக்கூட காணோம். நம்பர் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குது."

ரசீதுகள் இருக்கும் எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டாக்கர் கன்டெய்னரில், அதாவது சர்வருக்குள் தனியே பிரித்து வைத்த ஒரு சூழலில், ஓடியது. தரவு வேறொரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தது. நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக அது சர்வரின் ஒரு டைரக்டரியில் மவுன்ட் ஆகியிருந்தது; அதாவது, அந்த டைரக்டரியைத் திறந்தால் பெட்டியின் ஃபைல்கள் தெரியும். சர்வரில் அந்த டைரக்டரியைப் பார்த்தேன். பழைய ஃபைல்கள் அத்தனையும் இருந்தன. டேட்டாபேஸுக்குள் போனால் காலையில் போட்ட ரசீதுகள் மட்டும். அரை மணி நேரம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யக் கை போனது. ஏதோ தயங்கி, ஃபைல்களின் நேரத்தைப் பார்த்தேன். ஞாயிறு இரவுக்குப் பிறகு ஒன்றுகூட மாறவில்லை.

அப்போதுதான் புரிந்தது. சர்வர் முதலில் எழுந்துவிட்டது; ஸ்டோரேஜ் பெட்டி இன்னும் எழவில்லை. மவுன்ட் தோற்றாலும் பூட்டை நிறுத்தாதே என்னும் 'நோஃபெயில்' கொடுத்திருந்ததால் மவுன்ட் ஆகாமலே பூட் முடிந்தது. மவுன்ட் ஆக வேண்டிய இடத்தில் சர்வரின் சொந்த டிஸ்கில் ஒரு காலி டைரக்டரி. கன்டெய்னர் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்த போஸ்ட்கிரெஸ் இமேஜ், ஏற்கெனவே டேட்டாபேஸ் இருக்கிறதா என்று அறிய அங்கே பிஜி_வெர்ஷன் ஃபைலைத் தேடும். இல்லையென்றால் புது டேட்டாபேஸ் உருவாக்கிவிடும். அதைத்தான் செய்தது. பிறகு ஸ்டோரேஜ் வந்ததும் மவுன்ட் செய்தோம். ஆனால் ஏற்கெனவே ஓடும் கன்டெய்னருக்கு அந்தப் புது மவுன்ட் தெரியாது. அது, மவுன்ட் மேலே மூடிக்கொண்டதால் அடியில் மறைந்துபோன டைரக்டரியிலேயே எழுதிக்கொண்டிருந்தது. அன்று ரீஸ்டார்ட் செய்திருந்தால் பழைய தரவு வந்திருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்போம். மக்கள் பணம் கட்டி வாங்கிப்போன ரசீதுகள் மவுன்ட்டுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கும்.

கன்டெய்னரை நிறுத்தி, மவுன்ட்டை எடுத்துவிட்டு, அடியில் கிடந்ததைத் தனியே நகலெடுத்து இன்னொரு டேட்டாபேஸாக வேறு போர்ட்டில் ஏற்றி, ஒவ்வொரு ரசீதாகப் பழையதில் சேர்த்தோம்.

இப்போது தரவு மவுன்ட் பாயின்ட்டில் நேரடியாக இல்லை. அதற்குள் ஒரு துணை டைரக்டரியில் இருக்கிறது. மவுன்ட் ஆகவில்லையென்றால் அந்தத் துணை டைரக்டரியே இருக்காது. டைரக்டரியைக் கன்டெய்னருக்குக் காட்ட டாக்கரில் '-வி' கொடுத்தால் இல்லாத டைரக்டரியைத் தானே உருவாக்கிவிடும். அதனால் '--மவுன்ட்' மட்டும்தான். அது பிழை காட்டி நின்றுவிடும்.

அந்த வாரமே குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "நெட்வொர்க் போனா எல்லாம் தொங்குதே அண்ணா, சாஃப்ட் மவுன்ட் போட்டுடலாமா?" வேண்டவே வேண்டாம் என்றேன். ஹார்டு மவுன்ட் பதில் வரும்வரை காத்திருக்கும். சாஃப்ட் சில முறை முயன்றுவிட்டு, எழுத முடியவில்லை என்று பிழையைத் திருப்பிவிடும். எழுதியதை டிஸ்கில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், அடுத்த முறை லினக்ஸ் வெற்றி என்றே சொல்லக்கூடும் என்பது 2018-இல் போஸ்ட்கிரெஸ்காரர்களையே உலுக்கிய விஷயம். 11.2 பதிப்பிலிருந்து அப்படித் தோற்றால் டேட்டாபேஸே தன்னை நிறுத்திக்கொள்கிறது. தொங்கி நிற்பதை நான் தாங்கிக்கொள்வேன்.

எல்லாவற்றையும் சரிபார்க்கும்போது, ஸ்டோரேஜ் பெட்டியில் டைரக்டரியை நெட்வொர்க்கில் பகிர்வதற்கான எக்ஸ்போர்ட் வரியில் 'ஏசிங்க்' என்று இருந்தது. தரவு டிஸ்கில் இறங்கும் முன்பே, எழுதியாயிற்று என்று பதில் சொல்லும் அமைப்பு அது. இத்தனை நாள் கரன்ட் போகாமல் இருந்ததால் பிழைத்தோம். அன்று மாலையே 'சிங்க்' ஆக்கினேன். எழுதும் வேகம் குறைந்தது. கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு முறை வந்து கேட்டார்கள். காரணத்தை உட்கார்ந்து விளக்கினேன், மாற்றவில்லை.