காலை ஏழு மணிக்கு எழாத கணினி

2022 நவம்பர் கடைசியில் ஒரு காலை. கணினியின் பொத்தானை அழுத்தினேன். மின்விசிறிகள் சுழன்றன, கேபினெட்டின் முன்விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. நான்கைந்து நொடியில் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அப்படியே. நான்காவது தடவையில் ஒன்றுமே நடக்காததுபோல விண்டோஸ் வந்து நின்றது. அன்று இரவு பத்து மணிவரை ஒரு சிறு தடங்கல்கூட இல்லை.

அடுத்த ஆறு வாரங்கள் அந்தக் காலை நேரத்தோடுதான் மல்லுக்கட்டினேன்.

குன்னூரில், வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். திருத்திய பக்கங்கள் காலை எட்டரைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கணினி நானே பாகம் பாகமாக வாங்கி 2019இல் பூட்டியது: ரைசன் 5 2600 செயலி, பி450 மதர்போர்டு, எட்டு எட்டு ஜிபியாக இரண்டு ரேம், ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டு. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் பழையது. 2013இல் வேறொரு கணினிக்கு வாங்கிய 450 வாட் பெட்டி. நன்றாகத்தானே ஓடுகிறது என்று அதையே புதியதிலும் பொருத்தியிருந்தேன்.

திரை வரவில்லை என்றால் முதல் சந்தேகம் ரேம் மீதுதான் விழும். கழற்றினேன், பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்தேன், செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது பள்ளங்களில் அழுத்தி உட்காரவைத்தேன். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை வேகமாக ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை அணைத்து வேகத்தையும் குறைத்தேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற நிரல் இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை. காலையில் கணினியை மறுபடி தொடங்கினேன், உடனே எழுந்தது. அடுத்த இரண்டு நாளும் முதல் அழுத்தலிலேயே வந்தது. தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் ஐந்து முறை அழுத்த வேண்டியதாயிற்று.

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்பது பிறகுதான் விளங்கியது. முதல் நாள், சோதனை விடிய விடிய ஓடியதால் கணினி குளிரவே இல்லை. அடுத்த இரண்டு இரவும் மேகமூட்டம். மேகம் போர்த்திய இரவில் மலையில் குளிர் குறையும், வானம் தெளிந்த இரவில்தான் உறைபனி இறங்கும். அப்போது இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. செயலி, ரேம், கிராபிக்ஸ், பூட் என எதில் சிக்கலோ அதன் விளக்கு எரிந்து நிற்கும். என் கணினியில் ஒருநாள் ரேம் விளக்கு நின்றது, மறுநாள் செயலி விளக்கு, இன்னொரு நாள் எதுவுமே எரியவில்லை. பழுது ஒரே பாகத்தில் இருந்தால் ஒரே விளக்கில் அல்லவா நிற்க வேண்டும்? விளக்கு இடம் மாறுகிறது என்றால், எல்லாப் பாகங்களுக்கும் பொதுவாகப் போகிற ஒன்றில்தான் சிக்கல் என்று நான் அங்கேயே யோசித்திருக்கலாம். அந்த நேரத்தில் அச்சக வேலையின் அவசரம் பெரிதாக இருந்தது.

டிசம்பர் நடுவில் கணினியைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போனேன். ஒரு கடையில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். "இருபது தடவை ஆன் பண்ணிப் பார்த்தோம் சார், ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியும் பிரச்சினை என்றால் போர்டுதான். மாற்றிவிடுங்கள்" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை, என் கண் முன்னாலேயே ஐந்து முறை எழுந்தது. போர்டு மாற்றச் சொன்ன யோசனையை மட்டும் மனம் ஏற்கவில்லை. பழுதையே பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. திரும்பக் கட்டி எடுத்துவந்தேன். மறுநாள் காலை, குன்னூரில், ஆறு முறை.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சமவெளியில் பிழைக்கிற கணினி மேலே வந்தால் ஏன் படுக்கிறது? அன்றுதான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், அறையின் வெப்பம், எத்தனையாவது அழுத்தலில் எழுந்தது. கூடவே எல்லாவற்றையும் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து மேசையில், அட்டைப்பெட்டி மேல் பரப்பினேன். கேபினெட்டின் பொத்தான் கெட்டிருக்கலாம், மதர்போர்டுக்கு அடியில் பித்தளைத் திருகு ஒன்று தவறான இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டு சந்தேகமும் அதில் அடிபட்டுப்போயின. பொத்தானுக்குரிய இரண்டு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டு எழுப்பினாலும் காலையில் அதே மறுப்புதான்.

பத்து நாளில் நோட்டு பேசத் தொடங்கியது. 16 டிகிரி என்றால் ஒன்று அல்லது இரண்டு. 12 டிகிரி என்றால் நான்கு. தகரக் கூரை போட்ட அந்த அறை 10 டிகிரிக்கு இறங்கிய நாளில் ஏழு. மதியம் எத்தனை மணி நேரம் அணைத்துவைத்தாலும் ஒன்று.

ஒரே ஒரு வரி மட்டும் ஒட்டாமல் நின்றது. 10 டிகிரி, முதல் அழுத்தல். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அன்றைக்கு ராத்திரி சுவர் சுவிட்சை என்னை அணைக்கச் சொன்னீர்கள். நான் மறந்துவிட்டேன்" என்றாள்.

இடி மின்னலுக்குப் பயந்து இரவில் சுவர் சுவிட்சை அணைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கணினி அணைந்திருந்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு சிறு பகுதி உறங்காமல் இருக்கும். ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்துவதை மதர்போர்டு உணர்வதே அந்த மின்சாரத்தால்தான். மகள் மறந்த இரவில் அந்தப் பகுதி விழித்திருந்தது, அதனால் தன் சூட்டிலேயே கதகதப்பாகவும் இருந்தது. சந்தேகம் இப்போது ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டது.

மறுநாள் ஆறே முக்காலுக்கு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். 24 ஊசி இணைப்பின் பின்பக்கமாக, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை ஊதாக் கம்பியிலும் வைத்துச் சுவர் சுவிட்சைப் போட்டேன். 4.58. இது 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். ஊசிகளைத் தொட்டு எழுப்பியதும் 4.3 வரை சரிந்தது, மின்விசிறிகள் நின்றன. எதையும் தொடாமல் பத்து நிமிடம் காத்திருந்தேன். திரையில் எண் மெல்ல மெல்ல ஏறியது, 4.7, 4.8, 4.97. இப்போது தொட்டேன். எழுந்தது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அடுத்த காலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரடி தூரத்திலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத்துளைகள் மேல் மட்டும் மூன்று நிமிடம் காட்டினேன். மதர்போர்டும் ரேமும் பத்து டிகிரி குளிரிலேயே கிடந்தன. பிளக்கைச் செருகி எழுப்பினேன், முதல் தடவையே வந்தது. மேசையில் பரப்பிவைத்ததால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் இருந்தது. கேபினெட்டுக்குள் என்றால் எது சூடானது என்றே சொல்ல முடியாது.

எஸ்எம்பிஎஸ்ஸை நான் திறக்கவில்லை. யாரும் ஆர்வத்தில் திறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்சாரமாகிப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் உயிரோடு இருக்கும். கடைவீதியில் டிவி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் அந்த மின்சாரத்தை இறக்கினார். பிறகு பலகையைத் திருப்பி, விரல் நுனியால் ஒன்றைக் காட்டினார்.

சுண்டுவிரல் நகத்தளவு தலைகொண்ட கெப்பாசிட்டர், 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட். தலையில் சிலுவைபோலக் கீறியிருக்கும் தகடு தட்டையாக இருக்க வேண்டும். இது பொரிந்த அப்பளத்தைப்போல மேலெழும்பியிருந்தது. அடியில் காய்ந்த பழுப்பு நிறக் கறை. கழற்றி மீட்டரில் வைத்தார். உள்தடை 6 ஓமுக்கு மேல் காட்டியது. அதே அளவுள்ள புதியதில் 0.1 ஓமைக்கூடத் தொடவில்லை. பிறகு பழையதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வேறு பேச்சு பேசினார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வைத்தார். நான்கு ஓம்.

"உள்ளே இருக்கிற திரவம் வற்றிப்போய்விட்டது தம்பி. மிச்சம் இருக்கிறதும் குளிரில் இறுகிவிடும். கொஞ்சம் சூடு பட்டால் வேலை செய்யும்" என்றார். கோயம்புத்தூரில் இருபது தடவை எழுந்த கணினிக்கு அந்த உள்ளங்கையே விளக்கம்.

அதைமட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னார். அதே வயதுள்ள மற்ற கெப்பாசிட்டர்கள் அந்தப் பெட்டியில் நிறைய இருந்ததால், பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டுப் புதிய 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். போர்டு, ரேம், செயலி எல்லாம் பழையவையே.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அறையில் 9 டிகிரி. முந்தைய இரவு சுவர் சுவிட்சை நானே அணைத்திருந்தேன். ஏழு மணிக்கு அழுத்தினேன். விளக்குகள் வரிசையாக எரிந்து அணைந்தன, திரை வந்தது. மகள் நோட்டைத் திறந்து தேதியும் நேரமும் 9 டிகிரியும் எழுதி, கடைசிக் கட்டத்தில் 1 என்று போட்டாள்.