முறுக்கு டப்பா மூடியும் நகராத கரும்புள்ளியும்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காலை ஏழரை மணி வெயிலுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறோம். ஒருவர் என் தாயார். சித்திரை பிறந்த பிறகு ஜவ்வரிசி வடகம் ஊற்றாத ஓர் ஆண்டை நான் இதுவரை கண்டதில்லை. இன்னொருவன் நான், வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் சூரியனைப் படம் வரைகிறவன். சேலத்து வெயில் இரண்டு பேருக்குப் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வெயில் ஊருக்கே போதும், மாடிதான் போதவில்லை.

என்னிடம் இருப்பது 60 மில்லிமீட்டர் வில்லை கொண்ட பழைய தொலைநோக்கி. அதன் வழியாகச் சூரியனை நேரடியாகப் பார்த்தால் பார்வை போய்விடும். ஆகவே நான் பார்ப்பதில்லை. கண் வைக்கும் பக்கத்தில் செருகும் சிறு வில்லைக் குழலான ஐபீஸுக்குப் பின்னால் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் ஒரு பலகையைப் பொருத்தி, அதில் வெள்ளைத்தாளைச் செருகினால், சூரியன் தானாகவே வந்து தாளின் மேல் வட்டமாக விழுகிறது. சூரியனின் முகத்தில் கறுப்பாகத் தெரியும் கரும்புள்ளிகளை அதன் மேலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். கலிலியோ 1612-இல் இப்படித்தான் வரைந்தார். இதை அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "அவருக்கும் கடைசியில கண்ணு போச்சுன்னுதானே சொன்னே?" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த மறுமொழி. முதுமையில் அவர் பார்வை இழந்ததற்குக் காரணம் வேறு என்று நான் விளக்கத் தொடங்கும்போது அம்மா கூழைக் கிண்டப் போயிருப்பார்.

வட்டம் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் விதி. அளவு மாறினால் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட முடியாது. காம்பஸ் வைத்து வரைந்தால் அதன் முள் தாளின் நடுவில் ஓட்டை போட்டுவிடுகிறது, பிறகு அந்த ஓட்டையே ஒரு கரும்புள்ளியாகக் காட்சி தருகிறது. அடுக்களையில் தேடியபோது முறுக்கு டப்பாவின் எவர்சில்வர் மூடி அகப்பட்டது. அதைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிக் கோடிழுத்தால் மிகச் சரியாக 15 சென்டிமீட்டர். இந்த அளவில் பூமியை வரைந்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது, ஒரு சிறு கடுகுதான். மூடியை எடுத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதங்களாக அந்த டப்பாவை ஒரு தட்டுதான் மூடிக்கொண்டிருந்தது. வேலைக்கு வரும் பெண்மணியின் மேல் அம்மாவுக்கு எழுந்த ஐயத்தை நான் கேட்டும் கேளாதவனாக இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வரைவது எளிதான வேலையன்று. பென்சிலை அழுத்தினால் பலகை ஆடுகிறது. பலகை ஆடினால் சூரியனும் ஆடுகிறது. புள்ளியைக் குறிக்கப் போனால் பென்சில் முனையின் நிழல் புள்ளியை மறைக்கிறது. இதற்கிடையில் பூமி சுழன்றுகொண்டே இருப்பதால், இரண்டே நிமிடத்தில் சூரியன் தன் அகலம் முழுவதையும் கடந்து தாளை விட்டே போய்விடுகிறது; இடக்கையால் திருகைத் திருப்பித் திருப்பி அதை மீண்டும் வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். எட்டரை மணிக்கு மேல் மாடித் தளம் சூடேறிவிட்டால் சூரியனின் விளிம்பு பொங்கப் போகும் பாலைப் போல் நெளியத் தொடங்கும். அதன் பிறகு வரைவது வீண். சேலத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அப்போது தொலைநோக்கி செங்குத்தாக நிற்க, பலகைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்துதான் வரைய வேண்டியிருக்கும். ஆகவே எனக்குக் காலைதான் சரி. அம்மாவுக்கும், ஊற்றிய வடகம் அன்றே காய வேண்டும் என்பதால், காலைதான் சரி.

முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது. தொலைநோக்கியின் முதுகில் ஃபைண்டர் என்று ஒரு குட்டித் தொலைநோக்கி இருக்கும். பெரியதை மட்டும் எண்ணிக்கொண்டு, குட்டியை மூடி போட்டு மூட மறந்துவிட்டேன். எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டு கரும்புள்ளிகளைக் குறித்து முடித்தபோது, என் தோளில் கிடந்த துண்டில் மிளகளவு ஓட்டை விழுந்திருந்தது. ஃபைண்டருக்குள் இருந்த குறுக்கிழைகளும் உருகிப்போயிருந்தன. "சூரியனுக்குக் கோபம்" என்றார் அம்மா. அந்தத் துண்டைத்தான் பிறகு வடகத்துக்குக் காக்காய் விரட்டக் கொம்பில் கட்டினார்.

இனி இந்தச் சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, ஐபீஸைக் கழற்றி மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காப்பி குடிக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்து பொருத்தியதும் சூரியனில் இரண்டு புள்ளிக் கூட்டங்கள் தெரிந்தன. அவற்றுக்கு வடக்கே, முற்றிலும் தனியாக, மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பெரிய கரும்புள்ளிகளுக்கு நடுவில் கறுத்த கருநிழலும் சுற்றிலும் சாம்பல்நிறப் புறநிழலும் இருக்கும். இதற்கோ விளிம்பு கறுத்து நடு வெளுத்திருந்தது. இப்படியொரு புள்ளியை நான் கண்டதேயில்லை. புறநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் நம் கொடைக்கானலில் இருந்துதான் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தார். மலைக்கு அவர் என்றால் சமவெளிக்கு நான் என்று ஒரு கணம் தோன்றியதை மறைப்பானேன்?

குறிப்பேட்டில் எண்ணிக்கையையும் எழுதினேன். 1848-இல் ருடால்ஃப் வூல்ஃப் என்னும் வானியலாளர் வகுத்த கணக்குப்படி, கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதனோடு தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இரண்டு கூட்டங்களில் ஏழு புள்ளிகள் என்றால் 27. தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளியும் ஒரு கூட்டமாகவே கொள்ளப்படும். ஆகவே புதியவரின் வருகையால் 11 கூடி, அன்றைய எண் 38 ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை மற்ற இரண்டு கூட்டங்களும் முறைப்படி நகர்ந்திருந்தன. சூரியன் நம் பார்வைக்கு ஏறத்தாழ 27 நாட்களில் ஒருமுறை சுழல்வதால், வட்டத்தின் நடுவில் இருக்கும் புள்ளி என் தாளில் ஒரே நாளில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடம்பெயரும். புதியவர் அசையவில்லை. புதன்கிழமையும் அசையவில்லை. சூரியன் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை, நடுக்கோட்டில் விரைவாகவும் துருவங்களை நோக்கிப் போகப் போக மெதுவாகவும் சுழல்கிறது என்பதை, 1850-களில் கேரிங்டன் என்பவர் ஆண்டுக்கணக்கில் புள்ளிகளை அளந்து கண்டறிந்தார். ஆனால் மெதுவாகச் சுழல்வது வேறு, பிடிவாதமாக நிற்பது வேறு. குறுக்கே கடக்கும் கோளாக இருக்குமோ என்றும் எண்ணிப் பார்த்தேன். புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்கும் என்று தேடித்தான் ஷ்வாப் என்னும் ஜெர்மானிய மருந்தாளுநர் 1826 முதல் நாள்தோறும் சூரியனைப் பார்த்தார். கோள் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாகப் புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பது 17 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. எப்படியிருந்தாலும், கோள் சில மணி நேரத்தில் கடந்து போய்விடும். மூன்று நாள் விருந்தாடியாகத் தங்காது.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தொலைநோக்கி, பலகை, மூடி எல்லாவற்றையும் பையில் கட்டி ஏற்காட்டுப் பேருந்தில் ஏறினேன். அங்கே காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவரும் சூரியனை வரைகிறவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தொலைநோக்கியைக் கைக்குழந்தையைப் போல் மடியில் அணைத்துக்கொண்டு போனேன், பக்கத்தில் இருந்த பெரியவர், "உள்ளே என்னங்க தம்பி, நாதஸ்வரமா? முகூர்த்தம் எங்கே?" என்று கேட்டார். மேலே பத்தரை மணி வரை பனிமூட்டம். அந்நேரம் பார்த்து அம்மா கைப்பேசியில் அழைத்து, இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, வடகம் நன்றாகக் காய்கிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

மூட்டம் விலகியதும் படத்தை விழச் செய்தேன். என் புள்ளி அங்கேயே இருந்தது. நண்பர் முந்தின நாள் தாம் வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் இரண்டு கூட்டங்கள்தாம். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. ஒரு விரலால் குழாயை மெல்லத் தட்டினார். சூரியன் தாளில் குலுங்கியது, அதனோடு இரண்டு கூட்டங்களும் குலுங்கின. மூன்றாவது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு ஐபீஸைப் பிடித்துச் சற்றுத் திருகினார். சூரியன் அசையவில்லை, என் புள்ளி மட்டும் வட்டத்தைச் சுற்றி ஒரு சிறு உலா போய்வந்தது.

ஐபீஸைக் கழற்றி அடிப்பக்க வில்லையை வெளிச்சத்தில் காட்டினார். எள்ளை விடச் சிறியதாக, கண்ணாடி போல் காய்ந்து, ஓரம் மட்டும் தடித்த ஒரு சொட்டு. நண்பர் அதை மூக்கருகே கொண்டுபோய், "பெருங்காயம்" என்றார். சற்று யோசித்து, "நல்ல பெருங்காயம்" என்றும் சொன்னார்.

மூன்று நாளும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் தாளை விட்டு நழுவியபோதெல்லாம் அந்தப் புள்ளி மட்டும் நழுவாமல் என் முகத்துக்கு நேராக நின்றிருக்கிறது. நான்தான் திருகைத் திருப்பும் அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலையும் நிறைந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஜவ்வரிசியை அடையாளம் தெரியவில்லை என்பது கூடுதல் அவமானம். குறிப்பேட்டில் மூன்று நாள் எண்களிலும் 11-ஐக் கழித்து, பக்கத்தில் "கூழ்" என்று காரணம் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை; அவர் பார்வை என் பையின் மேல் இருந்தது. பையின் வாயில் முறுக்கு டப்பா மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பு முழுவதும் பென்சில் கரி. "இது எப்படா கண்ணு ஏற்காடு போச்சு?" என்று மட்டும் கேட்டார். வேலைக்கு வரும் பெண்மணியிடம் அன்று மாலை அம்மாவே போய் ஏதோ பேசினார்; அவர் கையில் ஒரு பை வடகமும் போயிற்று.

மூடி இப்போது புது வடகம் வைத்த டப்பாவின் மேல் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அடுக்களை வாசலில் நின்று கேட்டால் தருகிறார். வட்டம் போட்டு முடித்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஏழேகாலுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.