கடல் வாசனையும் பிளிமத் கடலும்

கடற்கரையில் மூக்கில் ஏறும் வாசனையில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதன் ஊற்று, கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள். உப்புநீரைச் சமாளிக்க அவை ஒரு கந்தகச் சேர்மத்தைச் செல்லுக்குள் வைத்திருக்கும். செல் உடைந்தால் அது நீரில் கலக்கும். பாக்டீரியாக்கள் சிதைக்க, ஒரு பகுதி வாயுவாகக் காற்றில் ஏறி மேகத்துளி உருவாக உதவும்.

ஆனால் எல்லா மிதவை உயிரிகளும் ஒன்றல்ல. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம் என்ற வகையில் இந்தச் சேர்மம் குறைவு. ஃபியோசிஸ்டிஸ், எமிலியானியா ஹக்ஸ்லியி போன்ற வேறு வகைகளில் மிக அதிகம். அதனால் கடல் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் கந்தகக் கணக்கு பிடிபடாது. எந்த இனம், எந்த மாதம், எத்தனை செல் என்று எண்ணியாக வேண்டும்.

இங்கிலாந்தின் பிளிமத் அருகே கடலில் எல்4 என்ற மாதிரி எடுக்கும் இடத்தில் (நிலையம் என்பார்கள்) 1992 முதல் இதைத்தான் செய்கிறார்கள். வானிலை விட்டால் வாராவாரம் படகு போகும். நீரில் அயோடின் கரைசல் சேர்த்து, செல்கள் அடியில் படியும்வரை காத்திருந்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எனக்கு இந்தப் பொறுமைமேல் பெரிய மரியாதை.

ஒரு வருடம் பொங்கிய இனம் அடுத்த வருடம் காணாமல் போகும். இரண்டு மூன்று வருட ஆய்வுத் திட்டத்தில் இந்த ஏற்ற இறக்கத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரிக்கவே முடியாது. அதே கடலில் 1903இல் தொடங்கிய ஈ1 நிலையத்தின் அளவீடு 1980களில் நின்று, 2002இல்தான் மீண்டும் தொடங்கியது. நடுவில் போன வருடங்களின் நீரை இனி யாராலும் அள்ள முடியாது. அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.