பேஸும் ஜிமிக்கியும்: என் மேசையில் மூன்று கிளோஸ்டு பேக் ஹெட்ஃபோன்கள்

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். படத்தை வெட்டி ஒட்டுவதை விட ஒலியைச் சரிசெய்வதில்தான் ராத்திரிகள் அதிகம் போகின்றன. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் வேலை ஓடும் என்பதால் ஸ்பீக்கர் வைக்க வழியில்லை. கப்பின் பின்பக்கம் திறந்திருக்கும் ஓபன் பேக் ஹெட்ஃபோன் போட்டால் நாதஸ்வரம் பக்கத்து அறை வரை கேட்கும். ஆக, பின்பக்கம் மூடிய கிளோஸ்டு பேக்தான் கதி. இப்போது மேசையில் மூன்று இருக்கின்றன: சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் (மின்தடை அளவு) மாடல்.

இவற்றைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: எதில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அதிகம்? என் தம்பி மகன் இன்னும் நேராகக் கேட்டான்: “அத்தை, இதுல எது நல்லா இடிக்கும்?” நான் திருப்பிக் கேட்டேன்: “நீ கண்ணாடி போட்டுக்கிட்டா பாட்டுக் கேப்ப?” கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

கேலியில்லை. கிளோஸ்டு பேக் ஹெட்ஃபோனில் பேஸ் என்பது, இயர்பேடுக்கும் காதுக்கும் நடுவில் அடைபட்ட கொஞ்சம் காற்றை டிரைவர் (கப்புக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) அழுத்தி அழுத்தி விடுவதால் வருவது. அந்த அழுத்தம் நிற்க வேண்டும் என்றால் பேட் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். குக்கரில் கேஸ்கட் தளர்ந்தால் விசில் வராதே, அந்தக் கதைதான். சின்ன இடுக்கு இருந்தாலும் மெதுவாக ஏறி இறங்குகிற தாழ்ந்த அதிர்வுகள் அந்த வழியாக வெளியே போய்விடும். வேகமான மேல் அதிர்வுகளுக்கு அந்த இடுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் பாட்டு முழுதாகக் கேட்கிற மாதிரியே இருக்கும், அடியில் இருப்பது மட்டும் காணாமல் போயிருக்கும்.

கண்ணாடியின் காது கம்பி இந்த இடுக்கை உண்டாக்கும். தடித்த பின்னல், காதை மறைக்கும் முடி எல்லாமே உண்டாக்கும். ஜிமிக்கி இன்னும் மோசம். ஒரு பக்கம் தொங்கட்டான் பேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, மறுபக்கம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால், தவில் சத்தம் ஒரு காதை நோக்கிச் சாய்ந்து நிற்கும். மைக் வைத்த இடம் சரியில்லை என்று முடிவு கட்டி, டைம்லைனில் இடது வலது அளவை மாற்றத் தோன்றும். இணையத்தில் ஒரே மாடலை ஒருவர் “பேஸ் மழை” என்றும் இன்னொருவர் “தகர டப்பா” என்றும் எழுதுவதில் பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தலை வேறு, அவ்வளவுதான்.

சோதிப்பது சுலபம். 100 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) மெல்ல இறங்குகிற ஒரு சைன் டோனை, அதாவது கலப்பில்லாத ஒற்றை ஒலியை, அளவான வால்யூமில் ஓடவிடுங்கள். பேட் சரியாக ஒட்டியிருந்தால் சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, 30ஐ ஒட்டி ஒரு அழுத்தமாக மட்டும் மிஞ்சும். இரண்டு கையாலும் கப்பை லேசாகத் தலையோடு அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் குபுக்கென்று கூடினால் கசிவு இருக்கிறது. கூடவில்லை என்றால் ஹெட்ஃபோனின் உண்மையான பேஸ் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒரே லேப்டாப்பில், ஒரே வால்யூமில் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிடுவது வீண் வேலை. 7506 ஒரு மில்லிவாட்டுக்கு 106 டெசிபல் தரும் என்பது சோனியின் கணக்கு. எம்50எக்ஸுக்கு 99, டிடி 770க்கு 96. ஓம் அளவுகளும் வேறு வேறு: 63, 38, 80. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வால்யூம் குமிழைத் தொடாமல் மாற்றும்போது 7506தான் ஓங்கிக் கேட்கும், டிடி 770 அடங்கிப்போயிருக்கும். நம் காதுக்கோ, சத்தம் குறையும்போது முதலில் பேஸ்தான் மங்கும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து வரைந்து காட்டிய விஷயம் இது. ஆகவே அடங்கிக் கேட்கிற ஹெட்ஃபோனை “பேஸ் கம்மி” என்று தள்ளிவிடுவோம். ஒரு பேச்சுக் குரலை ஓடவிட்டு, மூன்றிலும் அது ஒரே அளவு சத்தமாகக் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துகொண்டுதான் நான் ஒப்பிடுவேன்.

சரி, இப்போது மூன்றுக்கும் வருவோம்.

எம்50எக்ஸை எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் பிடிக்கும். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் டிரம் கிக்குக்கு ஒரு கனம் வரும். சினிமாப் பாட்டுக்குச் சுகம். தம்பி மகன் போட்டவுடன் தலையாட்டியது இதற்குத்தான். வேலைக்கு நான் இதை எடுப்பது குறைவு. எல்லாக் கல்யாணத்தையும் இது அழகாக்கிக் காட்டிவிடுகிறது.

7506 வேறு ஜாதி. 1991இலிருந்து ஸ்டூடியோக்களிலும் படப்பிடிப்புகளிலும் புழங்குகிற மாடல், சுருள் ஒயரோடு. பேஸ் இருக்கிறது, அளவாக இருக்கிறது, ஆழத்துக்குப் போகப் போக அடங்கிவிடுகிறது. மேலே டிரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, கூர்மை; ரொம்ப நேரம் போட்டால் எனக்குக் காது களைத்துவிடும். ஆனால் மந்திரம் ஓதுகிறவர் மைக்கில் விடும் மூச்சு, பட்டுப்புடவை உரசல், காலர் மைக் சட்டையில் தேய்வது எல்லாம் இதில் ஒளியவே முடியாது. குரல் ட்ராக்கைச் சுத்தம் செய்ய இதுதான்.

டிடி 770தான் நான் அதிகம் பேச விரும்புவது. ஜெர்மனியின் ஹைல்பிரானில் இருக்கும் பேயர்டைனமிக்கின் 1980களின் வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. கிளோஸ்டு பேக் என்று பெயர், ஆனாலும் பேஸுக்காகக் காற்றுக்கு அளந்து வழிவிடும் பேஸ் ரிஃப்ளெக்ஸ் அமைப்பு வைத்திருப்பதாக அவர்களே சொல்கிறார்கள். முழுக்க மூடிய கப்பில் டிரைவரின் பின்பக்கத்து ஒலிக்குப் போக்கிடம் கிடையாது. அது உள்ளேயே மோதித் திரும்பி வந்து கீழ் மிட்ஸை (பேஸுக்குச் சற்று மேலே வரும் நடு ஒலியை) குழப்பும். கிளோஸ்டு பேக் எல்லாவற்றுக்கும் பொதுவான வியாதி இது. உள்ளே பஞ்சு வைத்தோ, காற்றுக்கு அளந்து வழிவிட்டோதான் அடக்க வேண்டும். டிடி 770இல் அதைச் செய்திருக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். 100க்குக் கீழே நன்றாகவே எழுகிறது, அதற்கு மேலே 200ஐ ஒட்டிக் கொஞ்சம் ஒதுங்கிவிடுகிறது. அதனால் ஆழமான அடியும் அதன் மேலே வருகிற ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை.

இது தவிலில் தெரியும். தவிலில் ஒரு பக்கம் கூடு மாட்டிய விரல்கள், இன்னொரு பக்கம் கழி. விரல் பக்கம் பொரிவது போல வெடிக்கும், கழி பக்கம் தொப்பியிலிருந்து கும்மென்று வரும். கெட்டிமேளம் கொட்டும்போது இரண்டும் சேர்ந்து வேகமெடுக்கும். எம்50எக்ஸில் அந்தக் கும்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒரே தொடர்ச்சியாகத் தோன்றும். டிடி 770இல் கழி விழுவதும் அது ஓய்வதும் தனித்தனியே தெரியும். தவில்காரர் கை தளர்த்திய இடம் கூடத் தெரியும். பேஸ் நல்லது என்று நான் சொல்வது இதைத்தான்: தொடங்குவதும் நிற்பதும் தெரிய வேண்டும், சுரம் மாறினால் மாறியது தெரிய வேண்டும். நாலு தந்தி பேஸ் கிடாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதில் வாசிக்கும் இரண்டு சுரங்கள் ஒரே “டும்” ஆகக் கேட்டால், எவ்வளவு அதிர்ந்தாலும் எனக்கு அது பேஸ் இல்லை, இரைச்சல்.

வேலைக்கு ஆழமான பேஸ் எதற்கு என்று கேட்பீர்கள். மண்டபத்து மிக்ஸரிலிருந்து லைன் எடுத்தால் பல நாள் கரண்ட் ஹம் (மின்சார ரீங்காரம்) சேர்ந்தே வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம் அங்கேயும், அதன் மடங்குகளான 100, 150இலும் உட்கார்ந்திருக்கும். மேல் மடங்குகள் 7506இலேயே மாட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் 50, அதோடு ஏசியின் உறுமல், மேடையில் யாரோ நடக்கும்போது ஸ்டாண்டில் ஏறும் அதிர்வு, இதெல்லாம் டிடி 770இல்தான் தெளிவாகத் தெரியும். வீட்டில் போனில் பார்ப்பவர்களுக்கு இது எதுவும் கேட்காது. வரவேற்பு நாளில் மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் அதே வீடியோவை ஓடவிட்டால்தான் வினை, கூரை உறுமும். குரல் ட்ராக் என்றால் 80க்குக் கீழே வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தவில் ட்ராக்கில் அப்படி வெட்டினால் மேளமே போய்விடும். அங்கே கேட்டுக் கேட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

டிடி 770க்கும் குறை உண்டு. 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி டிரெபிள் குத்தும். கைத்தாளத்தின் ஓசை இதில் தேவைக்கு மேல் மினுக்கும். அதன் வெலூர் பேட் துணி மாதிரி என்பதால் காற்றைக் கொஞ்சம் விடும். ஆனால் கண்ணாடிக் கம்பியை அது விட்டுக்கொடுத்து அணைத்துக்கொள்கிறது. செயற்கைத் தோல் பேட் அப்படி வளைந்து கொடுப்பதில்லை.

எவ்வளவு பேஸ் சரி என்பதற்கு விடை ஒன்றே ஒன்று இல்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பல வருடம் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போன்ற, பேஸ் சில டெசிபல் தூக்கிய ஒலிதான் பெரும்பாலோருக்குப் பிடித்தது. ஸ்பீக்கரில் பேஸை நெஞ்சும் உணர்கிறது, ஹெட்ஃபோனில் காது மட்டும்தான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இந்தத் தூக்கல் என்று நான் புரிந்துகொள்கிறேன். அவர்கள் ஆய்வு ஒன்றில் 64 சதவீதம் பேர் இதை விரும்ப, 15 சதவீதம் இன்னும் பேஸ் கேட்டார்கள், 21 சதவீதம் குறைத்தால் தேவலை என்றார்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தில் பெண்களும் ஐம்பது தாண்டியவர்களும் அதிகமாம். தம்பி மகனுக்கும் எனக்கும் ஒத்துவராததில் ஆச்சரியமில்லை.

ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூ போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா? ஓரளவு ஆகும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். ஆட்டோஈக்யூ என்ற இணையத் தொகுப்பில் மூன்று மாடலுக்கும் அளவுகள் கிடைக்கும். டிடி 770இன் டிரெபிளை நான் இப்படித்தான் அடக்கியிருக்கிறேன். பேஸுக்கு அவ்வளவு நம்பிக்கை வைக்காதீர்கள். அந்த அளவுகள் ஒரு செயற்கைத் தலையில், பேட் நன்றாக ஒட்டிய நிலையில் எடுத்தவை. உங்கள் காதில் கசிவு இருந்தால், 6 டெசிபல் தூக்கியும் ஆழம் திரும்பாது. நடு பேஸ்தான் வீங்கும். தூக்குகிற அளவுக்கு மொத்த வால்யூமை முன்கூட்டியே இறக்கவும் வேண்டும், இல்லையென்றால் ஒலி பிசிறும்.

பஸ்ஸில் கேட்கத்தான் வேண்டும் என்றால் கதை மாறுகிறது. கப் மூடியிருந்தாலும் எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த சத்தத்தை அது அவ்வளவாகத் தடுக்காது. அந்த உறுமல் பாட்டின் பேஸை மூடிவிடும். அங்கே எம்50எக்ஸின் தூக்கல் தப்பில்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் டிடி 770ஐ மூன்று மீட்டர் ஒயரோடு யார் கட்டி இழுப்பது?

அப்புறம் பேட். நம் சித்திரை வெயிலில், வியர்வையில், செயற்கைத் தோல் எந்த நிறுவனத்ததானாலும் நாளடைவில் விறைத்து வெடிக்கும். விறைத்த பேட் ஒட்டாது, ஒட்டாவிட்டால் பேஸ் போகும். மெல்ல மெல்லப் போவதால் நமக்குத் தெரியவே தெரியாது. ஹெட்ஃபோன் பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்றைத் தேடுவதற்கு முன் பேடை மாற்றிப் பாருங்கள். வாங்கும்போது அதே மாடலின் பேடையே வாங்குங்கள். மெத்தென்ற தடித்த பேட் மாட்டினால் காதுக்கும் டிரைவருக்கும் தூரம் கூடி, பேஸிலிருந்து டிரெபிள் வரை எல்லாமே மாறிவிடும்.