டோகா வழி ரிக்கெற்

2025 ஜூன் 13, வெள்ளி

இவர் ஆறு மணிச் செய்திக்கு ரேடியோவைப் போட்டபோது நான் கிணற்றடியில் நின்றேன். வாளிச் சத்தத்தோடு அரைகுறையாகத்தான் கேட்டது. இஸ்ரேல் ஈரானுக்கு அடித்துவிட்டதாம். நேற்று அகமதாபாத்தில் விமானம் விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர்தான் தப்பினார். அந்தப் படங்களைப் பார்த்ததில் இரவு முழுக்க நித்திரையில்லை. விடிந்தால் இது.

என்னுடைய ரிக்கெற் 25ஆம் தேதிக்கு. கொழும்பு, டோகா, சூரிச். சுவிஸில், பேர்ணில் இருக்கிற மகளுக்கு ஜூலை 8 அளவில் என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிள்ளை.

இவர் புவியியல் படிப்பித்தவர். பழைய அட்லஸை எடுத்து மேசையில் விரித்துவிட்டார். கொழும்பிலிருந்து டோகா வரை கடல்தானே, பயமில்லை, அங்காலைதான் வில்லங்கம் என்றார். டோகாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற விமானங்கள் வழக்கமாக ஈராக், ஈரான் பக்கத்தால்தான் போகும். இப்போது ஈரான், ஈராக், ஜோர்தான் எல்லாம் வானத்தைப் பூட்டிவிட்டன. சவூதி, எகிப்து என்று சுற்றிப் போவார்களாம். "நேரம் கூடும், அவ்வளவுதான்" என்றார். அவருடைய விரல் அட்லஸில் ஒரு நிமிடத்தில் சூரிச்சுக்குப் போய்விட்டது.

ஜூன் 16, திங்கள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கு, ரிக்கெற் போட்ட கடைக்குப் போனேன். போகிற வழியில் பெற்றோல் செட் வாசலில் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் வளைந்து வளைந்து வரிசையில் நின்றன. ஹோர்முஸ் நீரிணையைப் பூட்டினால் எண்ணெய் வராது என்று யாரோ வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். உலகத்து எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கடலால்தான் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் சண்டை தொடங்கி நாலு நாள்கூட முழுதாக ஆகவில்லை. 2022இல் நின்ற வரிசை சனத்தின் காலுக்குள் இன்னும் இருக்கிறது போல. ஒருவர் கையில் வெறும் கான்.

கடையில் இருந்த தம்பி பொறுமையான பிள்ளை. "அன்ரி, நீங்களாக் கான்சல் பண்ணினா வரிக்காசு மட்டும்தான் வரும். அவங்கள் கான்சல் பண்ணினா முழுக்காசும் வரும். அதாலை இப்ப ஒண்டும் செய்யாதேங்கோ, பாத்துக்கொண்டிருங்கோ" என்றார். அந்த மூன்று வசனத்துக்காகவே போன ஓட்டோக் காசு தகும்.

வேறு வழிகளும் கேட்டேன். துருக்கி வழி போனால் இன்னும் ஒன்றரை லட்சம் ரூபாய். பலாலியில் ஏறிச் சென்னை போய் அங்கிருந்து போகலாம். வீட்டிலிருந்து அரை மணித்தியாலத்தில் விமானத்தில் ஏறுவது என்ற நினைப்பே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தனி ரிக்கெற், சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும். சரி, வேண்டாம்.

ஜூன் 18, புதன்

பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சரக்கு வறுத்தேன். போவதா இல்லையா என்று தெரியாமல் சரக்கு வறுக்கிற ஆள் யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், சேர்த்துப் போட்டால் மல்லி கருகும், மஞ்சள் பச்சையாக நிற்கும். அம்மா குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு மணத்திலேயே கணக்குச் சொன்னா. "காணும், இறக்கு." கண் மங்கிப்போய் நாலு வருடமாகிறது. 86 வயது. மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

மில்லில் அரைத்து வந்து, கடதாசியில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு பைக்குள் போட்டுக் கட்டினேன். சோளகக் காற்று அடிக்கிற அடியில் பாதி முற்றத்துக்குப் போயிருக்கும், இவர் வந்து யன்னலைச் சாத்தினார். கருவாடு கொண்டுவரக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இறைச்சி, பால் ஒன்றும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கூடாதாம். மரம் நிறையக் காய்த்துக் கிடக்கிற வருடம் பார்த்து.

தூக்குத் தராசில் பெட்டியைக் கொழுவிப் பார்த்தோம். 27 கிலோ. இன்னும் மூன்று கிலோவுக்கு இடம் இருக்கிறது. பனங்கிழங்குப் புழுக்கொடியல்.

ஜூன் 20, வெள்ளி

விசாவுக்காக எடுத்த காப்புறுதிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல்முறையாக வாசித்தேன். ஐரோப்பிய விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அதைக் கட்டி, தாளைக் கோவைக்குள் வைத்தால் முடிந்தது என்றிருந்தேன். நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் இவற்றால் வருகிற செலவு எதற்கும் பொறுப்பில்லை. காய்ச்சல் வந்தால் பார்ப்பார்கள். ஏவுகணை வந்தால் நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

பின்னேரம் முன்வீட்டு அக்கா வந்து, "உனக்கென்ன விசரே, இந்த நேரத்திலை போக?" என்றா. போன கிழமை இதே ஆள்தான், தலைப்பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இல்லாட்டி எப்படி என்று கேட்டவ.

குண்டுக்கு எனக்குப் பயமில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலேரியில் இரவில் வள்ளம் ஏறினவள், யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 95 ஒக்ரோபர் 30ஆம் தேதி மழைக்குள் கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலத்தில் ஒரு இரவு முழுக்க நின்றவள். அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது குழந்தை பிறக்கப் போகிறது. என்னுடைய பயம் வேறு.

2006 ஓகஸ்டில் ஒரு கண் டொக்டரைப் பார்க்க நாலு நாளுக்கென்று கொழும்புக்குப் போனேன். 11ஆம் தேதி முகமாலையில் சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை பூட்டு. இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தேன். செப்ரெம்பரில் அப்பா போய்விட்டார். ஊரடங்கு தொடங்க முதல் எடுக்க வேண்டும் என்று மத்தியானத்துக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள். போனில் பறை கேட்டது, பிறகு லைன் அறுந்தது. திருகோணமலையிலிருந்து கப்பலில் இடம் கிடைத்து நான் வீட்டு வாசலில் கால் வைத்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒன்பது நாள்.

இப்போது நான் போய், அங்கே வானத்தைப் பூட்டிவிட்டார்கள் என்றால்? விசா 90 நாள். இங்கே அம்மா. இவரிடம் இதைச் சொல்லவில்லை, ஆனால் தெரியும் அவருக்கு.

ஜூன் 22, ஞாயிறு

அமெரிக்காவும் இறங்கிவிட்டது. ஈரானின் ஃபோர்தோ, நதன்ஸ், இஸ்ஃபகான் அணு நிலையங்கள் மூன்றுக்கும் அடித்திருக்கிறார்கள். இவர் அட்லஸை மறுபடி எடுத்தார், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாரில், டோகாவுக்குத் தென்மேற்கே அல் உதெய்த். மத்திய கிழக்கில் அமெரிக்காவின் ஆகப்பெரிய படைத்தளம் அது. ஈரான் திருப்பி அடித்தால் எங்கே அடிக்கும் என்று யோசிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

மகள் போன் எடுத்தாள். "அம்மா, வராதேங்கோ. இஞ்சை நேர்ஸ் வீட்டுக்கே வந்து பாப்பாங்கள்" என்றாள். குரலை அவ்வளவு கவனமாக வைத்துக்கொண்டு பேசினாள். மருமகன் பின்னால் ஏதோ சொல்ல, "பேசாமல் இருங்கோ" என்றாள்.

நான் போகவில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அவ பாக்கு இடித்துக்கொண்டிருந்தா, நிறுத்தவில்லை.

"என்னைச் சாட்டித்தானே நிக்கிறாய்?"

நான் பேசவில்லை.

"கொப்பர் செத்ததுக்கு நீ வந்திருந்தாலும் அவர் எழும்பியிருக்க மாட்டார். அவளுக்கு இனித்தான் பிறக்கப்போகுது. போ."

பிறகு, "சரக்குக்கு உள்ளி அங்கை வாங்கலாமோ?" என்று கேட்டா.

ஜூன் 23, திங்கள், இரவு, பஸ்ஸுக்குள்

போனில் எழுதுகிறேன், பிழை இருக்கும்.

கொழும்பு வரை போவோம், மிச்சத்தை அங்கே யோசிப்போம் என்று ஏறிவிட்டேன். அரியாலை தாண்டும்போது செம்மணியில் சனம். இன்றைக்குத்தான் அங்கே புதைகுழிக்கு நீதி கேட்டு அணையா விளக்குப் போராட்டம் தொடங்கியது, ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் புதன்கிழமை வருகிறாராம். அங்கே சிந்துபாத்தி மயானத்தில் கிண்டக் கிண்ட எலும்பு வருகிறது. பஸ்ஸுக்குள் ரி.வி.யில் நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் தானாகவே சத்தத்தைக் குறைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வளைவு தாண்டின பிறகும் கூட்டவில்லை.

முகமாலையில் நான் வழக்கமாகக் கண்ணை மூடிவிடுவேன். இன்றைக்கு மூடவில்லை. இருட்டில் ஒன்றும் தெரியாது, அது வேறு கதை.

மாங்குளம் தாண்டிப் பத்தேகால் போல மகளிடமிருந்து அழைப்பு. கட்டார் வானத்தைப் பூட்டிவிட்டது, அல் உதெய்த்துக்கு ஈரான் ஏவுகணை விட்டிருக்கிறது. "எங்கை நிக்கிறியள்? வவுனியாவிலை இறங்குங்கோ, அப்பாவை வரச்சொல்லுறன்." பக்கத்துச் சீற்றில் இருந்த பிள்ளை, கம்பஸில் படிக்கிறவளாம், தன் போனைக் காட்டினாள். டோகா வானத்தில் ஆரஞ்சுப் பொட்டுக்கள். ஒரு கடைத்தொகுதிக்குள் சனம் ஓடுகிறது.

வவுனியாவில் பஸ் நின்றது. இறங்கவில்லை. துணிச்சல் ஒன்றுமில்லை. பெட்டி அடித்தட்டில், எல்லாருடைய பெட்டிக்கும் பின்னால் கிடக்கிறது. கொண்டக்டரை எழுப்பி எல்லாவற்றையும் இறக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு மனுசி இப்படியான காரணத்துக்காகவும் முடிவெடுப்பாள் என்று எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய், வெள்ளவத்தை

விடிய வந்து இறங்கியபோது எல்லாம் மாறிவிட்டது. கட்டார் வானத்தை மறுபடி திறந்துவிட்டது. யுத்த நிறுத்தம் என்று ட்ரம்ப் அறிவித்துவிட்டார். ஈரான் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அடித்ததாம், உயிர்ச்சேதம் இல்லை. எங்களுக்கு யாரும் எதையும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

இவர் போனில், "யுத்த நிறுத்தம் எண்டு நாங்கள் கேக்காததே?" என்றார். அதுவும் சரி. நாங்கள் எத்தனை யுத்த நிறுத்தம் பார்த்திருக்கிறோம். ஆனால் 2002இல் பாதை திறந்தபோது, எவ்வளவு நாளைக்கோ, திறந்திருக்கிறபோதே போய்வருவோம் என்று முதல் கிழமையே வாகனம் பிடித்துப் போனவர்களும் நாங்கள்தான். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். சிரித்தார். அந்த வாகனத்தில் சத்தி எடுத்தது அவர்தான்.

நாள் முழுக்க விமானத்தின் பெயருக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தபடி இருந்தேன். கான்சல் என்று வந்தால் முழுக்காசு. வரவில்லை. மூன்று மணித்தியாலம் தாமதம் என்றுதான் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, கான்சல் ஆகக் கூடாதே என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன், கட்டுநாயக்கா

பெட்டி 29.4 கிலோ. தராசில் வைத்ததும் கவுண்டரில் இருந்த பிள்ளை மூக்கைச் சுருக்கி, சிங்களத்தில் "மல்லியா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சூரிச் வரைக்குமான சிட்டைகள் இரண்டும் தந்துவிட்டாள். டோகாவில் சரியான சனமாம், இரண்டு நாளாகத் தேங்கி நிற்கிறார்களாம், தண்ணீர்ப் போத்தலொன்று வைத்திருங்கள் என்றாள்.

வீட்டுக்கு எடுத்தேன். இவர் நித்திரையில்லை. அம்மா விடிய நாலு மணிக்கே எழும்பி இருந்துகொண்டு, "பாதை திறந்திட்டாங்களோ?" என்று கேட்டாவாம். எந்தப் பாதை என்று இவருக்கு விளங்கவில்லை, ஓம் என்று சொல்லிவிட்டாராம்.

"பிறகு?"

"தேத்தண்ணி கேட்டா. குடுத்தனான்."

வாசல் நம்பரை மாற்றிவிட்டார்கள் என்று இப்போது ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். போய்ப் பார்க்க வேண்டும்.