ஏக்கம் தீர்ந்த பிறகும் மிச்சம் இருந்தது

முதல் செமஸ்டரின் மூன்றாவது வாரமே, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரிக்கு மாறுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. ராத்திரியில் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

பகலைச் சமாளித்துவிடலாம். வகுப்பு, லேப், கேன்டீன் என்று ஓடிவிடும். விளக்கை அணைத்த பிறகுதான் தொண்டையை அடைக்கும். அம்மாவுக்கு போன் செய்வேன். பேச ஒன்றும் இருக்காது. "கட் பண்ணாம அப்படியே மேஜை மேல வச்சிரும்மா" என்பேன். நாற்காலி இழுபடும் சத்தம், பாத்திரம் கழுவும் சத்தம், சார்ஜர் எங்கே என்று தங்கை அப்பாவிடம் கேட்பது, எல்லாம் காதில் விழும். கண்ணை மூடினால் வீட்டுக்குள்ளேயே இருப்பேன். ஒரு நாள் அம்மா மறந்துபோய்த் தூங்கிவிட்டார். கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் போனை வைக்கவில்லை.

கடைசியில் கல்லூரி மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் ஒரு பழைய செய்தி சொன்னார். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தைப் பற்றியே ஆய்வேடு எழுதினாராம். 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். அதில் வரும் நோயாளிகளில் ஒருவர், பெர்னிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த மாணவர். படுத்த படுக்கையாகிவிட்டவர், ஊருக்குக் கிளம்பியதும் தேறத் தொடங்கினார். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் போல ஒருவர் அப்போதே இருந்திருக்கிறார்.

"அடுத்த லீவுக்குப் போறப்போ கவனிங்க. எது வழியிலேயே சரியாகுது, எது வீட்டுக்குப் போயும் சரியாகலைன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஏக்கம் பாதி வழியிலேயே போய்விட்டது. ஆனால் நாலாவது நாள், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு கனத்தது. நான் நிலவியல் எடுத்ததே நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கத்தான். நான் சேர்ந்திருந்த கல்லூரியில் அது இறுதியாண்டில் ஒரே ஒரு விருப்பப் பாடம். நடத்தவும் அப்போது ஆள் இல்லை. அத்தனை நாளும் எல்லாப் பழியையும் தூரத்தின் மேல் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் செமஸ்டரில் ஏக்கம் மெல்லக் குறைந்தது. தினசரி அழைப்பு வாரத்துக்கு மூன்றானது. ரூம்மேட்டோடு நன்றாக ஒட்டிக்கொண்டேன். அப்போதுதான் முடிவெடுப்பது நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அழுதுகொண்டே ஓடிப்போவது சுலபம். சிரித்துப் பேசும் இடத்தை விட்டுக் கிளம்புவது வேறு. ஆனாலும் அந்த மிச்சம் குறையவே இல்லை. விண்ணப்பத்தை அனுப்பினேன்.

அப்புறம் எல்லாம் காகித வேலை. பாடத்தின் பெயர் ஒத்துப்போனால் கிரெடிட் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். புதிய கல்லூரியில் பார்த்தது விரிவான பாடத்திட்டத்தை. நல்லவேளை, எல்லாத் தாள்களுடையதையும் எடுத்து வைத்திருந்தேன். 38 கிரெடிட்டில் 30 தேறியது. இரண்டு தாள்களை மறுபடி படிக்க வேண்டும். இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டது பெரிய நிம்மதி. வாய்வார்த்தையை நம்பி விடாதீர்கள். கல்வி உதவித்தொகை என்னோடு வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அப்பாவும் நானும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புதிய இடம் உறுதி என்ற கடிதம் கைக்கு வரும்வரை பழைய இடத்தை நான் விடவில்லை. செமஸ்டரையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் விலகினேன். நடுவில் விட்டிருந்தால் அந்த அரையாண்டு உழைப்பு வீணாகியிருக்கும்.

இப்போது அந்த இரண்டு தாள்களையும் படிக்கிறேன். ஒன்று சலிப்புத்தான். என் அறையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். நான் கூடத்தில் படுக்கிறேன். இரவில் அதே கடிகாரம் தலைமாட்டில் ஓடுகிறது. நிலத்தடி நீரியல் முதல் தாள் அடுத்த செமஸ்டரில் வருகிறது.